கைமாறும் கடிதம் – 7: யாருடைய பொதி?

சென்ற வாரம்: நெடுந்தீவில் பவளக் கல்லால் கட்டிய புறாக்கூட்டின் முன் நின்றோம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் செய்தி சுமந்த புறாக்கள் இங்கேதான் அடைந்தன என்பது ஊர்ப்பேச்சு. அங்கிருந்து காலிக்குப் போனோம். 1850 முதல் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகைக்காகக் கப்பல் செய்திகளைக் கொழும்புக்குத் தூக்கிவந்த புறாக்கள், 1858இல் தந்திக் கம்பி வந்ததும் வேலையிழந்தன. பிரியும்போது ஒரு கேள்வியை விட்டுவந்தோம். புறாவை வென்ற தந்தியும் பழசாகிப்போன 1990இல், மொறட்டுவையில் ஒரு கணினி தொலைபேசி எண்ணைச் சுழற்றியது. அது கூப்பிட்டது யாரை?

*

கடல் கடந்த இன்னொரு கணினியை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய அந்தச் சேவைக்கு லேர்ன்மெயில் என்று பெயர். எந்நேரமும் திறந்திருக்கும் இணைய இணைப்பு அப்போது நாட்டில் கிடையாது. காசுக்கு இணையம் விற்கும் கம்பனி வர 1995 ஆகிவிட்டது. விரிவுரையாளர்கள் எழுதும் மடல்கள் கணினியின் வட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு மோடம் வெளிநாட்டு எண்ணைக் கூப்பிடும். இரு முனையும் கீச்சிட்டு ஓய்ந்ததும் ஒரு கட்டுக் கடிதம் போகும், ஒரு கட்டுக் கடிதம் வரும், இணைப்பு அறுந்துவிடும். வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு. போன கடிதத்துக்கு மறுமொழி, அடுத்தடுத்த கட்டுகளில் எப்போதாவது வந்து சேரும்.

மறுமுனையில் இருந்த அமெரிக்கக் கணினிக்கும் அந்தக் கடிதங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதியவர் இங்கே, பெறுபவர் வேறெங்கோ. ஆனாலும் அது கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றையும் உரிய திசையில் தள்ளிவிட்டது. இப்படி இடையில் நின்று வாங்கிக் கொடுப்பதைக் கணினிக்காரர் ‘ரிலே’ என்பார்கள். 1991இல் அமெரிக்காவில் இருந்த இலங்கையர் கூடி அமைத்த லாக்நெட்டும் இந்தக் கைமாற்றலுக்குத் தோள்கொடுத்தது.

அந்நாளில் உலகின் பெரும்பகுதி இப்படித்தான் கடிதம் அனுப்பியது. 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் எழுதிய யூயூசிபி என்ற மென்பொருள்தான் வண்டி. எழுதுகிறவரே வழியையும் எழுத வேண்டும். இந்தக் கணினிக்குப் போய், அங்கிருந்து அந்தக் கணினிக்குப் போய், அங்கிருந்து இன்னாரிடம் என்று ஆச்சரியக்குறிகளால் பிரித்த நீண்ட முகவரி. பெல் ஆய்வுகூடத்தின் ஐஎச்என்பி4 என்ற கணினி, ஊரார் கடிதத்தையெல்லாம் சுமந்ததற்காகவே பெயர் பெற்றது. யாரும் கூலி கேட்கவில்லை. ‘இது யாருடைய கடிதம்?’ என்றும் கேட்கவில்லை.

இலங்கைக்குரிய ‘டொட் எல்கே’ முகவரியும் அதே 1990இல், ஜூன் மாதத்தில் பதிவானது. யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தார் அந்த ஜூனை வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த மாதம்தான் மீண்டும் போர் மூண்டது. ஓகஸ்டில் இராணுவம் ஊர்காவற்றுறைப் பக்கம் இறங்கி மண்டைதீவு வரை வந்தது. வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சனம் உடுத்த துணியோடு குடாநாட்டுக்குள் ஓடியது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த யாழ்ப்பாணத்தில், வெளிநாட்டுக்குப் போகும் கடிதம் கொழும்புக்குப் போகிறவரின் பையில் கிடந்தது. தெற்கில் ஒரு கணினி உலகத்தோடு பேசத் தொடங்கிய காலத்தில், வடக்கில் கடிதம் மறுபடியும் மனிதர் கையில் ஏறி நடந்தது. இரண்டு பயணத்துக்கும் அடிப்படை ஒன்றே: இடையில் வாங்குகிறவர் நல்லவர், கொடுக்கிறவரும் நல்லவர் என்ற நம்பிக்கை.

கணினி உலகில் அந்த நம்பிக்கையை ஒருவர் எழுத்திலேயே வடித்து வைத்திருந்தார். பதினாறு ஆண்டுகளில் அதைத் திரும்பப் பெற வேண்டிவரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

*

அவர் பெயர் ஜோன் போஸ்டல். தென்கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவலியல் ஆய்வகத்தில் இருந்தவர். நாடுகளுக்கான இணைய முகவரிகளை ஒப்படைக்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. ‘டொட் எல்கே’ நமக்கு வந்ததும் அந்த மேசை வழியாகத்தான். 1982 ஓகஸ்டில் அவர் வெளியிட்ட ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம், இரண்டு கணினிகள் கடிதம் கைமாற்றும்போது என்ன பேச வேண்டும் என்று விதித்தது. எஸ்எம்டிபி என்ற அந்த உரையாடல் முறையில்தான் இன்றும் நம் மின்னஞ்சல் ஓடுகிறது.

உரையாடல் மிகச் சுருக்கம். வருகிற கணினி ‘ஹெலோ’ சொல்லித் தன் பெயரைச் சொல்லும். ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநரையும், ‘ஆர்சிபிடி டு’ என்று பெறுநரையும் சொல்லும். ‘டேட்டா’ என்று கடிதத்தைக் கொடுக்கும். எதிர்க்கணினி ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 250 என்றால் சரி. 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. 5இல் தொடங்கினால் முடியவே முடியாது.

இந்த எண்களுக்குள் 251 என்று ஒன்று உண்டு. அதன் பொருள்: ‘அவர் எங்கள் ஆள் இல்லை, இருந்தாலும் கொண்டா, நானே அனுப்பிவைக்கிறேன்.’ அந்தக் காலத்து மனம் முழுக்க அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது. அன்றைய வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் இராணுவ நிலையங்களும். ஒருவரையொருவர் தெரிந்த கூட்டம். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு கணினி கைகொடுத்தால்தான் கடிதம் போய்ச் சேரும். ரிலே மறுப்பது மரியாதைக் கேடு. பெர்க்லியில் எரிக் ஓல்மன் எழுதிய செண்ட்மெயில் என்ற மென்பொருள் இந்த மரியாதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. புதிதாக அதை நிறுவிய ஒவ்வொரு கணினியும், கேட்காமலே, யார் கொடுத்த கடிதத்தையும் யாருக்கும் சுமந்துபோகும் கணினியாக எழுந்து நின்றது.

ஆபத்தின் அறிகுறி 821க்கும் நான்கு ஆண்டு முன்பே தெரிந்திருந்தது. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்குவிப்மென்ட் என்ற கணினிக் கம்பனியின் விற்பனையாளர் கேரி துர்க், அன்று அர்ப்பாநெட் எனப்பட்ட அந்த வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முகவரிப் பட்டியல் அன்றைய மென்பொருளுக்கு அடங்காமல் வழிந்து, கடிதத்தின் உடலுக்குள்ளேயே கொட்டிவிட்டது. கண்டனம் வந்தது, கடுமையாக எச்சரித்தார்கள், அதோடு விட்டார்கள். தெரிந்தவர் கூட்டத்தில் ஒரு கண்டிப்புப் போதும் அல்லவா?

தெரியாதவர்கள் வந்தபோதுதான் போதாமல் போனது.

*

1990களின் நடுப்பகுதி. இணையம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஒருவனிடம் மந்தமான தொலைபேசி இணைப்பும் ஓர் இலட்சம் முகவரிகளும் இருக்கின்றன. இலட்சம் கடிதத்தை அந்த இணைப்பில் தள்ள நாள் கணக்கில் ஆகும். ஆனால் 821இன்படி ஒரே கடிதத்தை ஒரு முறை கொடுத்து, ‘ஆர்சிபிடி டு’ வரியை மட்டும் நூறு நூறாய் அடுக்கலாம். படியெடுத்து ஊருக்கெல்லாம் கொண்டுபோகும் வேலை ரிலேக்காரன் தலையில். எனவே அவன் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் கணினியைத் தேடிப் பிடிக்கிறான். கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான்.

காலையில் அந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன நடக்கும்? வட்டு நிரம்பியிருக்கும். சொந்த ஆசிரியர்களின் கடிதங்கள் வரிசையில் நின்று மூச்சுத் திணறும். போய்ச் சேராத முகவரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் திரும்பி வந்திருக்கும். உலகம் முழுவதிலிருந்தும் வசவு வந்திருக்கும். கடிதத்தில் பதிந்திருந்தது அந்தக் கணினியின் பெயர்தானே. உதவியவனுக்கே பழி.

1997இல் போல் விக்ஸி என்ற அமெரிக்கர் தண்டனை முறை ஒன்றைப் பரவலாக்கினார். எரிதம், அதாவது கேளாமல் குவியும் விளம்பரக் கடிதம், வரும் கணினிகளின் எண்களை ஒரு கறுப்புப் பட்டியலில் போட்டார். பட்டியலை ஏற்றுக்கொண்ட நிர்வாகிகள், அதில் உள்ள கணினி எதைக் கொண்டுவந்தாலும் வாசலிலேயே மறுத்தார்கள். எரிதம் எழுதியவன் மட்டுமல்ல, கேள்வி கேட்காமல் சுமந்தவனும் குற்றவாளியானான்.

பிறகு வந்தது 1998.

அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்த ஒரு செய்தி நமக்கு அருகில் உள்ளது. வெளிநாடுகளில் இருந்த இலங்கைத் தூதரகங்களுக்கு, இரண்டு வாரம், நாளுக்கு 800 அளவில் மின்னஞ்சல் வந்து குவிந்தது. தம்மை ‘இணையக் கரும்புலிகள்’ என்று அழைத்துக்கொண்ட குழுவொன்று, தொடர்பைக் குலைப்பதற்காகவே இதைச் செய்வதாகச் சொன்னது. ஒரு நாட்டின் கணினிகள் மீது ஆயுதக் குழுவொன்று தொடுத்த முதல் தாக்குதல் என்று அமெரிக்க உளவுத்துறை அதை வகைப்படுத்தியது. நாளுக்கு 800 என்பது இன்று ஒரு நடுத்தரக் கடையின் பெட்டிக்கே சாதாரணம். அன்றைய தொலைபேசி இணைப்பில், அதையெல்லாம் இறக்கி முடித்த பிறகுதான் உண்மைக் கடிதம் கண்ணில் படும். பெட்டியை நிரப்ப உள்ளே புகத் தேவையில்லை, வெளியில் நின்று கடிதம் போட்டாலே போதும் என்பதற்கு ஈழப்போரின் ஓரத்தில் அது ஒரு சாட்சி.

அதே மே மாதத்தில் செண்ட்மெயிலின் 8.9 பதிப்பு வெளியானது. இரண்டுக்கும் காரண காரியம் இல்லை; காலம் மட்டும் ஒன்று. இந்தப் பதிப்பில் பழைய மரியாதை தலைகீழானது. இனி நிர்வாகி வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, வெளியாள் கொடுத்து வெளியாளுக்குப் போகும் கடிதம் ஏறாது. பதில் ஒரே வரி: ‘550 ரிலேயிங் டினைட்’.

அந்த ஒக்டோபர் 16ஆம் திகதி போஸ்டல் காலமானார். வயது 55. டிசெம்பரில் வீட்சா வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் வெளிவந்தது. பிறக்கும்போதே யாரென்று கேட்கத் தெரிந்த மென்பொருள். அதே டிசெம்பரில் ஆர்எஃப்சி 2476, சொந்த ஆட்கள் கடிதம் ஒப்படைக்க 587 என்ற தனி வாயிலை ஒதுக்கியது. அடுத்த மார்ச்சில் ஆர்எஃப்சி 2554, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முறையைச் சேர்த்தது. ஓர் ஆண்டுக்குள் உலகத் தபால் வேறொன்றாகிவிட்டது.

மாற்றத்தை ஏற்காதவரும் இருந்தார். ஜோன் கில்மோர், இணைய உரிமைகளுக்கான எலெக்ட்ரொனிக் ஃப்ரொண்டியர் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். பயணத்தில் இருக்கும் நண்பர்கள் எங்கிருந்தும் கடிதம் அனுப்பட்டும் என்று தன் கணினியை எல்லோருக்கும் பொது ரிலேயாகவே வைத்திருந்தார். எரிதத்துக்குப் பயந்து கைகொடுப்பதை நிறுத்த மாட்டேன் என்றார். 2000களின் தொடக்கத்தில் அவருக்கு இணைப்புக் கொடுத்த கம்பனி அந்த வழியை அடைத்தது. கில்மோர் கொள்கையில் நின்றார். உலகம் அவரை விட்டுவிட்டு நடந்தது.

ஆனால் 1998இல் போட்ட பூட்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, திருடனை விட்டுவிட்டு ஒரு தீவகத்துப் பெடியனைப் பிடித்து நிறுத்துவானேன்?

*

இப்படி ஒரு காட்சியை எண்ணிப்பாருங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நெருங்குகிறது. பதினாறு நாளுக்கும் வெளிநாட்டு உறவுகளிடமிருந்து உபயக் காசு வருகிறது. ஊர்ச் சங்கம் ஒன்று அதற்கென இணையத்தளம் வைத்திருக்கிறது. காசு கட்டியதும் ரசீது தானாக மின்னஞ்சலில் போக வேண்டும். வேலணையில் இருக்கும் ஓர் இளைஞன் தளத்தைப் பார்த்துக்கொள்கிறான். ரொறன்ரோவிலிருந்து செயலாளர் கூப்பிடுகிறார்.

“தம்பி, ரசீது எனக்கு வந்திட்டுது. ஆனா காசு கட்டின சனம் ஒருத்தருக்கும் வரேல்லையாம்.”

“நான் சோதிச்சுப் பாத்தனான் அண்ணை. போகுது.”

“ஆருக்கு அனுப்பிச் சோதிச்சனி?”

“சங்கத்தின்ரை முகவரிக்குத்தான்.”

இந்தக் கடைசி வரியில்தான் முழு விடையும் இருக்கிறது. செயலாளரின் முகவரியும் சங்கத்தின் முகவரி. சங்கத்துக்குள் அனுப்பினால் போகிறது, வெளியே அனுப்பினால் நிற்கிறது. நிரலில் பிழையிருந்தால் இரண்டும் நின்றிருக்கும்.

பதிவுக் கோப்பைத் திறக்கிறான். வரி வரியாய் ஒன்றே: ‘454 4.7.1 ரிலே அக்சஸ் டினைட்’.

முதற்காரியமாக அவன் நிரலை ஒதுக்கிவைத்துவிட்டு, தளம் ஓடும் கணினியிலிருந்தே, கடிதத்தை வாங்கி அனுப்பும் கணினியான மின்னஞ்சல் வழங்கியோடு கையால் பேசிப் பார்க்கிறான். கறுப்புத் திரை. ஹெலோ சொல்கிறான், 250. ‘மெயில் ஃப்ரம்’ சங்கத்தின் முகவரி, 250. ‘ஆர்சிபிடி டு’ செயலாளர், 250. ‘ஆர்சிபிடி டு’ ஒரு ஜிமெயில் முகவரி. 454. நான்காவது வரியில் குற்றவாளி பிடிபட்டான். கடிதத்தின் உள்ளடக்கமோ இணைப்போ காரணமில்லை. கடிதமே இன்னும் கைமாறவில்லை. பெறுநர் பெயரைக் கேட்டதுமே வழங்கி நிறுத்திவிட்டது.

அந்த இடத்தில் வழங்கி மூன்று கேள்வி கேட்கிறது. பெறுநர் எங்கள் ஆளா? கொண்டுவந்த கணினி எங்களுக்குத் தெரிந்ததா? கொண்டுவந்தவர் பெயரும் கடவுச்சொல்லும் சொன்னாரா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஓம்’ என்றால் கடிதம் ஏறும். மூன்றும் ‘இல்லை’ என்றால் மறுப்பு. குறிகட்டுவான் இறங்குதுறையைத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. முன்னொரு காலம் நெடுந்தீவுக்குப் போகும் வள்ளத்தில் யார் கொடுத்த பொதியும் ஏறும். அக்கரையில் இன்னாரிடம் குடுத்துவிடுங்கோ என்றால் போதும். போர்க்காலச் சோதனைகள் வந்தபின் ஆளில்லாப் பொதி ஒன்றும் அசையவில்லை. ‘இது ஆற்றை பொதி?’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சரி, நேற்றுவரை ஏறிய பொதி இன்று ஏன் ஏறவில்லை? தளம் அண்மையில் பழைய கணினியிலிருந்து புதியதொன்றுக்கு இடம் மாறியிருந்தது. மின்னஞ்சல் வழங்கி பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன் ‘தெரிந்தவர்’ பட்டியலில் பழைய கணினியின் எண் மட்டும்தான் உண்டு. இவ்வளவு நாளும் கடவுச்சொல் இல்லாமலே கடிதம் போனதற்கு அந்த எண்தான் காரணம் என்பது யாருக்கும் தெரியாது. எண் மாறியதும் தளம் அந்நியனாகிவிட்டது. முதலாம் கேள்வியில் செயலாளரின் ரசீது தேறியது. மற்றவருடையது மூன்றிலும் தோற்றது.

454இன் முதல் இலக்கத்தையும் கவனியுங்கள். வழங்கியில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் இப்படி 4இல் சொல்வது ஒரு கருணை. பட்டியலில் நிர்வாகி தவறு விட்டிருந்தால் திருத்தும்வரை கடிதம் அழியாமல் அனுப்புநரின் வரிசையில் காத்திருக்கட்டும் என்பது எண்ணம். ஆனால் இந்தத் தளத்தின் நிரல், வரிசை ஏதும் வைத்துக்கொள்ளாமல் வழங்கியோடு நேரே பேசுகிறது. ‘பிறகு வா’ என்றதும் பிழையென்று பதிந்துவிட்டு ரசீதைக் கைவிட்டுவிடுகிறது. காத்திருக்கத் தெரியாதவனிடம் கருணை பலிக்கவில்லை.

நேரம் போகிறது. செயலாளர் மறுபடியும் கூப்பிடுகிறார். மின்னஞ்சல் வழங்கியின் அமைப்புக் கோப்பு இளைஞன் முன் திறந்து கிடக்கிறது. ‘மைநெட்வர்க்ஸ்’ என்று ஒரு வரி. அதுதான் தெரிந்தவர் பட்டியல். அதில் 0.0.0.0/0 என்று எழுதினால் உலகத்துக் கணினிகள் அனைத்தும் தெரிந்தவர் ஆகிவிடும். பிழை உடனே மறையும். ரசீது எல்லாம் போகும். தெரியாமல் எத்தனையோ பேர் அந்த வரியைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அவன் விரல் விசைப்பலகையில் இருக்கிறது.

*

எழுதியிருந்தால்?

முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். பிறகு அந்த 1990களின் நடுப்பகுதி திரும்பி வரும். கணினிகள் கடிதம் கைமாற்றும் 25ஆம் வாயில் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கணினியாய்த் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் இணையத்தில் இரவு பகலாய் அலைகின்றன. அகப்பட்ட வழங்கியின் வழியாகக் கள்ள மருந்தும் கள்ளக் கடனும் ஊர்கோலம் போகும். வழங்கியின் எண் கறுப்புப் பட்டியலில் ஏறும். அதற்குப் பிறகு சங்கத்தின் உண்மை ரசீதையும் எவரும் வாங்க மாட்டார். பட்டியலில் ஏறுவது சுலபம், இறங்குவதற்கு மன்றாட வேண்டும்.

நம் இளைஞன் விரலை எடுத்துவிட்டான். பட்டியலில் புதிய கணினியின் எண்ணை மட்டும் சேர்ப்பது ஒரு தீர்வு. அடுத்த முறை இடம் மாறும்போது இதே கதை தொடங்கும். நிலையான தீர்வு மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்வது. எண் மாறலாம், பெயரும் கடவுச்சொல்லும் கூடவே வரும். நிரலில் 25ஐ 587 ஆக்கினான். பல மேகக் கணினிக் கம்பனிகள் எரிதப் பயத்தில் 25ஐ வெளியே போகவிடாமலே அடைத்து வைத்திருக்கின்றன. அங்கே மறுப்புக்கூட வராது, பேச்சே இல்லாமல் நேரம் கடந்து விழும். பிறகு மறையாக்கத்தை இயக்கினான். அது இல்லாமல் அனுப்பும் கடவுச்சொல்லை வழியில் இருப்பவன் வாசிக்கலாம்.

மறுபடி ஓட்டினான். இம்முறை வேறு பிழை: ‘530, அடையாளம் தேவை’. தோல்வி போலத் தெரியும், உண்மையில் முன்னேற்றம். ‘உன்னைத் தெரியாது’ என்ற வழங்கி இப்போது ‘நீ யார், சொல்’ என்கிறது. நிரலில் பெயரும் கடவுச்சொல்லும் நிரப்பியிருந்தும், அடையாளம் காட்டும் தெரிவை அவன் இயக்கவில்லை. இயக்கினான். அடுத்தது 535: பெயரோ கடவுச்சொல்லோ தவறு. ஜிமெயில் வழியாக அனுப்புவோர் பலர் 2022 மே மாத முடிவில் திடீரென்று இந்த 535இல் முட்டினார்கள். சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் வைத்து நிரல்கள் நுழைவதைக் கூகுள் அப்போது நிறுத்தியது. நிரலுக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டியதாயிற்று. இவனுக்குக் காரணம் எளியது. படியெடுத்து ஒட்டும்போது கடவுச்சொல்லின் வாலில் ஓர் இடைவெளியும் ஒட்டியிருந்தது. அழித்தான்.

235. அடையாளம் ஏற்கப்பட்டது. ‘ஆர்சிபிடி டு’ அதே ஜிமெயில் முகவரி. 250. ‘டேட்டா’. 250. வரிசையில் ஏறியது.

454, 530, 535, 235. நான்கு எண்களும் ஒரே வாசலில் நான்கு படிகள். எண்ணைப் பார்க்காமல் ‘மின்னஞ்சல் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் நான்கும் ஒன்றாகத் தெரியும். எண்ணை வாசிப்பவனுக்கு எந்தப் படியில் நிற்கிறோம் என்பது தெரியும். 1998இல் பூட்டுப் போட்டவர்கள் பதில் சொல்லாமல் முகத்தில் அறையவில்லை, காரணத்தை எண்ணில் எழுதித்தான் திருப்பி அனுப்பினார்கள்.

இளைஞன் செயலாளருக்குச் செய்தி போட்டான்: “எல்லாம் சரி அண்ணை, போகுது.”

சில மணி நேரத்தில் மறுமொழி வந்தது. சனத்துக்கு ரசீது வந்துவிட்டது, ஆனால் எரிதப் பெட்டிக்குள், ‘இந்த அனுப்புநரை நம்பலாமா?’ என்ற எச்சரிக்கையோடு. வழக்கமான பெட்டியிலோ இன்னொரு கடிதம். திருவிழாக் காசை இந்தப் புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்கிறது. அனுப்புநர் இடத்தில் இருப்பது சங்கத்தின் முகவரி, எழுத்துப் பிசகாமல்.

சங்கம் அப்படியொரு கடிதம் எழுதவில்லை. இளைஞன் பதிவுக் கோப்பை மேலிருந்து கீழ்வரை தேடினான். அந்தக் கடிதம் அவர்களுடைய வழங்கியை மிதிக்கவே இல்லை. கடவுச்சொல் களவு போகவில்லை, ரிலே திறந்திருக்கவில்லை, மூன்று கேள்விகளில் ஒன்றையும் எவரும் ஏமாற்றவில்லை. ஏனென்றால் அனுப்பியவன் தன் சொந்த வழங்கியிலிருந்தே அனுப்பியிருக்கிறான். கடிதத்தின் தலையில் ‘அனுப்புநர்’ என்று எவர் பெயரை எழுதினாலும் அது உண்மைதானா என்று சரிபார்க்கும்படி 821ஆம் ஆவணம் யாரிடமும் சொல்லவே இல்லை. கொண்டுவந்தவன் யாரென்று கேட்கக் கற்றுக்கொண்ட உலகம், எழுதியவன் யாரென்று கேட்க மறந்திருந்தது.

அப்படியானால் சங்கத்தின் பெயரில் காசு கேட்டது யார்? அதைவிட அவசரமான கேள்வி: போலிக் கடிதம் நேரே பெட்டிக்குள் விழ, உண்மை ரசீது மட்டும் ஏன் எரிதத்துக்குள் போனது?

(தொடரும். அடுத்த வாரம்: போலிக் கையெழுத்து)